யாத்திரை போகாத தோள்

ஸ்ரீரங்கம் மேற்குச் சித்திரை வீதியில் வீரராகவன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ஈட்டி எறிகிற ஐயங்கார் வீடு என்றால் ஆட்டோக்காரர் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்.

வயது நாற்பத்தேழு. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததாம், தினமும் ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஓட்டம் இவருக்குச் சரிப்படவில்லை. ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பேச முடியாது. ஈட்டியில் அந்தத் தொல்லை இல்லை. பத்தடி ஓடி எறிந்துவிட்டு, பேசிக்கொண்டே போய் எடுத்துவரலாம். முதலில் கொள்ளிட மணலில் மூங்கில் கழியை எறிந்தார். பிறகு சொந்த ஈட்டி, மாவட்ட அளவில் வெள்ளிப் பதக்கம், முப்பத்தெட்டு மீட்டர். பதக்கம் ஹாலில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பெருமாளுக்கு ஒரு சாண் கீழேதான். அந்த மரியாதை தெரிந்தவர்.

முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கான போட்டிக்கு மூத்தோர் தடகளம் என்று பெயர். திருச்சியில் இதில் இருக்கிற நூற்று நாற்பது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக் அதற்கு அட்மின். பெயருக்குத்தான் அவர். குழுவில் ஒழுக்கம் காத்தது வீரராகவன். யாராவது 'போடா' என்று எழுதிவிட்டால் மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டார். இவர் எழுதியதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஒவ்வொன்றும் 'அடியேன்' என்று தொடங்கும்.

இரண்டு வருஷம் முன்னால் பொன்மலைப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ரெஜிஸ், இவரைவிட மூன்று மீட்டர் கூடுதலாக எறிகிறவர், தோளில் சவ்வு கிழிந்துவிட்டது, இந்த வருஷம் வரமுடியாது என்று குழுவில் எழுதினார். அதற்கு நம்மவர் எழுதிய பதில் இது:

"அடியேனுக்கு ஒரு சந்தேகம். தேவரீருடைய தோளுக்குப் போட்டித் தேதி எப்படி முன்கூட்டியே தெரிகிறது?"

நாற்பது பேர் சிரித்த முகம் போட்டார்கள். ரெஜிஸ் ஒன்றும் எழுதவில்லை. அன்றுமுதல் தோள் வலி என்று யார் சொன்னாலும் குழுவில் அந்தக் கேள்விதான் பதில். யாரும் தோள் வலி என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

போன பங்குனியில் வீரராகவன் சாருக்கும் கிழிந்தது. கொள்ளிடக் கரையில் தனியாகப் பயிற்சி. எறிந்த வேகத்தில் தோளுக்குள் ஏதோ நழுவித் திரும்பி வந்ததாம். தோள்மூட்டின் கிண்ணத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, லேப்ரம் என்பார்கள். குக்கர் மூடிக்கு கேஸ்கட் மாதிரி. அது பிய்ந்தால் குக்கர் விசில் அடிக்காது, தோள் நிலையாக நிற்காது. வயதாகிற ஈட்டிக்காரர்களுக்கும் பந்து வீசுகிறவர்களுக்கும் இது வரும். துளை போட்டுத் தைத்து, ஆறு வாரம் கையை ஸ்லிங் என்கிற தூக்குப்பட்டியில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் மனைவி கோதைநாயகி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் போனால் மாலையில்தான் வருவார். அதனால் எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை என்னை வைத்தார்கள். சட்டை போட்டுவிடுவது, பட்டியைக் கழற்றிக் கட்டுவது, முழங்கைக்கும் விரலுக்கும் பயிற்சி, ஐஸ் ஒத்தடம். முப்பது வருஷமாகச் செய்கிற வேலைதான்.

முதல் நாளே கோதைநாயகி என்னிடம் சொல்லிவிட்டார்.

"பாப்பாயிம்மா, வாசல்ல யார் வந்து கேட்டாலும் அவர் ஊர்ல இல்லேன்னு சொல்லிடுங்கோ. திவ்யதேச யாத்திரை போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"உள்ளேதான் உட்கார்ந்துண்டிருக்கார்."

அவர் எழுதிய கேள்வி அவருக்கே திரும்பி வரும் என்று பயம். அதுவும் மாவட்ட அணிக்கான தேர்வுப் போட்டி ஐந்தாவது வாரம் வருகிறது. அதனால் இடது கைப் பெருவிரலால் குழுவில் தட்டியிருக்கிறார்: 'அடியேன் நாலு வாரம் யாத்திரை செல்கிறேன். தேர்வுக்கு வந்துவிடுவேன்.' டாக்டர் சொன்னது ஆறு வாரம். இவர் சொன்னது நாலு. நடுவில் இருக்கிற இரண்டு வாரத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன்.

"அதைப் பெருமாள் பார்த்துப்பார்."

"சரிங்க சார். அதுவரைக்கும் முழங்கையை உடம்போட ஒட்டி வைங்க."

அவர் செய்த தப்பு, பொய் சொன்னது கூட இல்லை. யாத்திரை என்று சொன்னதுதான். இந்த ஊரில் யாத்திரை போகிறேன் என்றால் யாரும் தனியாகப் போக விடமாட்டார்கள். தங்கள் கஷ்டத்தையும் கூடவே ஏற்றி அனுப்புவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பேர் பெயரும் நட்சத்திரமும் அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு பணி மாறுதல்.

சாதிக் எழுதினார்: "சார், எனக்குன்னு ஒண்ணும் வேணாம். என் கடை வாசல்ல தோண்டின குழியை மூடச்சொல்லி ஒரு வார்த்தை போட்டு வைங்க."

கடைசியில் ரெஜிஸ். இரண்டு வருஷம் கழித்து குழுவில் வாய் திறந்திருந்தார்.

"எனக்கு நட்சத்திரம் கிடையாது சார். பெயர் ரெஜிஸ், வலது தோள். அது போதுமா?"

வீரராகவன் சார் அதை மூன்று முறை படித்தார். பிறகு, 'திருமாலிருஞ்சோலையில் தங்கள் பெயருக்குத் துளசி மாலை சாற்றுகிறேன்' என்று தட்டி அனுப்பிவிட்டார். மரியாதைக்காரர் இல்லையா, கை தானாகத் தட்டிவிட்டது.

கோதைநாயகி தலையில் கை வைத்துக்கொண்டார். "பொய் சொல்றதுதான் சொன்னேள், ஊட்டின்னு சொல்லப்படாதோ? ஊட்டின்னா யாரும் எதுவும் கேக்கமாட்டா."

"குழுவுக்கு என்ன வேணா சொல்லலாம், கோதை. இப்போ பெருமாள் பேர்ல வாக்குக் கொடுத்துட்டேனே!"

அதன்பிறகு மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூகுளில் இருக்கிற கோயில் படங்களை எடுத்து வாரத்துக்கு இரண்டு என்று குழுவில் போட்டார். ஒருவர், 'சார், இந்தக் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிச்சு மூணு வருஷம் ஆச்சே, படத்துல பழசா இருக்கே' என்று கேட்டதும் அதையும் நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் என்னிடம் ஒரு யோசனை சொன்னார்.

"பாப்பாயிம்மா, நீங்க ஒரு நாள் திருமாலிருஞ்சோலை, அதான் அழகர்கோயில், போயிட்டு வரமுடியுமா? என் சார்பா. ரெஜிஸ், வலது தோள்னு சொன்னா போறும்."

"போகலாம் சார். அனுப்பினது யாருன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லணும். உங்களுக்கும் வலது தோள்தான். எந்தத் தோளுன்னு பெருமாள் குழம்பிட்டா நான் பொறுப்பில்ல."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அவர் நிலைமை புரியாமல் இல்லை. பட்டியோடு தேர்வுக்குப் போனால் நூற்று நாற்பது பேர் முன்னால் மானம் போகும். போகாமல் இருந்தாலும் அதே கேள்வி வரும். பட்டியைக் கழற்றிவிட்டுப் போனால் தையல் போகும், அத்தோடு ஈட்டியும் போகும். விரதம் என்று சொல்லி எறியாமல் கொடி மட்டும் பிடிப்பதாக ஒரு திட்டம் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் பட்டி இல்லாமல் இருந்தால் என்ன என்று தினமும் கேட்பார்.

"கேஸ்கட் ஒட்டுற வரைக்கும் மூடியைத் திறக்கக்கூடாது" என்று தினமும் சொன்னேன்.

"ஒரு மணி நேரம்தான்."

"அரிசி வேகிறதுக்கு அரைமணி நேரம்தான் சார். நடுவில திறந்து பாருங்களேன்."

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. கோதைநாயகி கோயிலுக்குப் போகவேண்டும் என்று என்னை அன்றும் வரச்சொல்லியிருந்தார். நான் எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தபோது ஹாலில் பட்டி மட்டும் நாற்காலியில் கிடந்தது. அறைக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

தோள் சரியில்லாதவருக்குச் சட்டை போடும்போது வலிக்கிற கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அது கடைசியில் வரவேண்டும். நாலு வாரமாக அவர் கண் முன்னால் அப்படித்தான் செய்தேன். அவர் கவனித்தால்தானே, போனில் கோபுரம் தேடிக்கொண்டிருந்தார். இப்போது குழுவின் நீல டி-ஷர்ட்டை நல்ல கையில் மாட்டி, தலையையும் நுழைத்துவிட்டார். வலது கைக்கு வழி இல்லை. ஷர்ட் சுருண்டு முகத்தை மூடிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கட்டில் ஓரத்தில், தலை இல்லாத நீல மூட்டையாக உட்கார்ந்திருந்தார்.

"அசையாதீங்க சார்."

"அசைய முடிஞ்சா நான் ஏன் இங்க உட்கார்ந்திருக்கேன்?"

கத்தரிக்கோல் எடுத்துவந்தேன். அப்போது கட்டிலில் கிடந்த போன் அடித்தது. சாதிக்.

"எடுங்கோ" என்றது நீல மூட்டை. "எடுக்கலைன்னா சந்தேகப்படுவான்."

ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தேன்.

"சார், ஊருக்கு வந்துட்டீங்களா? எல்லாரும் கிரவுண்ட்ல இருக்கோம். நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், ஒரு வணக்கம் சொல்லுங்க. ரெஜிஸ்கூட வந்திருக்கார். மாலை சாத்தியாச்சான்னு கேட்கிறார்."

"இப்போதான்... திருமாலிருஞ்..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெயருக்கு மேல் குரல் நகரவில்லை. நான் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன்.

"அது என்ன சார் சத்தம், கறுக் கறுக்குன்னு?"

"சாதிக். நான் யாத்திரை போகலை. ஆத்துலதான் இருக்கேன். சட்டைக்குள்ள இருக்கேன்."

"எதுக்குள்ள?"

"லேப்ரம் கிழிஞ்சுடுத்து. தையல் போட்டு நாலு வாரம் ஆறது. சொல்றதுக்கு வெட்கமா இருந்தது. ரெஜிஸை நான் கேட்ட கேள்வியை என்னைக் கேப்பாளேன்னு பொய் சொல்லிட்டேன். மாலையும் சாத்தலை."

முகம் மூடியிருந்ததால்தான் அவ்வளவு கோவையாகச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பலமாகச் சிரித்தார். சிரிப்பு ஒட்டிக்கொண்டு பரவியது. ஷர்ட் விலகி அவர் முகம் வெளியே வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. எதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு வருஷம் முன்னால் எழுதிய அந்தக் கேள்வி வரப்போகிறது.

போன் கை மாறியது.

"ரெஜிஸ் பேசுறேன் சார். ஸ்லிங்கை மாட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"முதல்ல மாட்டுங்க. பக்கத்துல யாரு? அம்மா, மாட்டிவிடுங்க. சார், தூங்குறது எப்படி?"

"தூங்கறதே இல்லை, ரெஜிஸ்."

"படுக்கக்கூடாது. சாய்ஞ்சு உட்காரணும். முழங்கைக்குப் பின்னாடி ஒரு தலகாணி. நான் மூணு மாசம் அப்படித்தான் கிடந்தேன். என்னை யாரும் கேட்கல, அதனால நானும் யார்கிட்டயும் சொல்லல."

நான் பட்டியைக் கட்டினேன். அந்தத் தலையணையை முதல் நாளிலிருந்து நானும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்துக் கீழே போடுவார். ரெஜிஸ் சொன்னதும் அன்றே வைத்துக்கொண்டார். முப்பது வருஷ அனுபவத்தைவிட முப்பத்தெட்டு மீட்டரைத் தாண்டினவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். தையல் தப்பியது. ஆனால் ஆறு வாரம் ஏழானது, அடுத்த வருஷம்வரை ஈட்டியைத் தொடக்கூடாது.

குழுவில் அன்றும் மறுநாளும் எண்பத்து மூன்று செய்திகள். 'சட்டைக்குள் சுவாமிகள்' என்று ஒருவர் பட்டம் கொடுத்தார். சில செய்திகள் கேலியைத் தாண்டிப் போயின. அவற்றை அழிக்கட்டுமா என்று சாதிக் கேட்டார்.

"வேண்டாம். நான் எழுதினதெல்லாம் இன்னும் அங்கேதானே இருக்கு" என்றார் இவர்.

பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதினார். இடது கைப் பெருவிரலால் ஒன்றரை நாள். அதில் பூர்வாசாரியர்கள் எல்லாம் மேற்கோளாக வந்துவிட்டார்கள். கோதைநாயகி வாங்கிப் படித்தார், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகத்தோடு.

"முதல் ரெண்டு வரி நன்னாருக்கு. 'ஆனால், அன்றைய சூழலில்'னு ஆரம்பிச்சு பத்து வரி வரதே, அது எதுக்கு?"

"அது விளக்கம்."

"விளக்கத்துக்கு மார்க் கிடையாது. எடுங்கோ."

மிஞ்சியது இதுதான்: 'ரெஜிஸ், உங்கள் தோளைப் பற்றி நான் எழுதியது தவறு. வேதனையைக் கேட்காமல் கேலி செய்தேன்.' அடியேன் இல்லை, தேவரீர் இல்லை. அனுப்பிவிட்டு, சட்டையே இல்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கு ரெஜிஸ் கட்டைவிரல் படம் ஒன்று போட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரத்தில் நாலு பேர் தங்கள் தோளைப் பற்றிக் குழுவில் எழுதினார்கள். ஒருவருக்கு ஒரு வருஷமாக வலியாம். டாக்டரிடம் போகும்படி இவர் விரட்டினார்.

எட்டாவது வாரம் ரெஜிஸ் வந்தார். கையில் அவரே வெல்டிங் செய்த கொக்கி, ஒரு சின்ன உருளை, கயிறு. கதவுக்கு மேலே மாட்டி, நல்ல கையால் இழுத்தால் வலிக்கிற கை மெல்ல மேலே போகும். பிசியோ பயிற்சிக்கு வேண்டியதுதான். மாட்டுவதற்குள் அரைமணி நேரச் சண்டை.

"இன்னும் ரெண்டு அங்குலம் மேல போகணும், ரெஜிஸ்."

"கதவு என்னுதா, உங்களுதா?"

"என்னோடது. அதனாலதான் சொல்றேன்."

"தோள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சார். நான் சொன்ன உயரம்தான்."

வீரராகவன் சார் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தார். கை மார்புவரை வந்தது, தாடைவரை வந்தது, மூக்கருகில் நின்றது. வலியில் கண்ணை மூடிக்கொண்டார். பத்து முறை போதும் என்றேன். அடுத்து ரெஜிஸ், சும்மா சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்து பன்னிரண்டு இழுத்தார். நம்மவர் எழுந்துபோய் அவரை நகரச் சொல்லிப் பதினைந்து இழுத்தார். ரெஜிஸ் பதினெட்டு. இருவர் முகத்திலும் வேர்வை. எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை.

கோதைநாயகி காபியோடு வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, கயிற்றை அவிழ்த்து என் பையில் போட்டுக்கொண்டேன். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு, பத்தே முறைக்குத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.