இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு

தொண்ணூறுகளில் மண்ணூர்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு டைப் அடிக்கும் வேலை. தற்காலிகம்தான். ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். குறை கண்டு சீர்செய்த பாகமென்றால் எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் ஆர் எழுத்தும் சேர்ப்போம். ஆர் உள்ளவை மறுபடி சோதனைக்குப் போகும்; இல்லாதவை நேரே லாரி ஏறும்.

ஒருநாள் சோதிக்காத பெட்டி ஒன்று லாரியேறிப் போய்த் திரும்பி வந்தது. அச்சான அறிக்கையில் எண்ணுக்கு ஒரு கட்டம், ஆருக்கு ஒரு கட்டம்; ஆர் கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி. சூப்பர்வைசர் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாமா, ஒரு எழுத்து அடிக்க கை வலிக்குதா? இப்டியே போனா நீ ஊட்லயே குந்திக்க வேண்டியதுதான்."

நான் அடித்திருந்தேன். அப்படியானால் யாரோ அழிக்கிறார்கள். எனக்கு யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் கிடையாது. பால் வாங்கினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு போவேன். என் சந்தேகம் பருத்திப்பட்டிலிருந்து வரும் புரோகிராமர் மேல் விழுந்தது. என்னைக் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்களே ஒண்ணு அடிங்க, நான் பாக்கணும்" என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஆர் சேர்த்து அடித்தார். கட்டம் காலி. சிரிப்பு போய்விட்டது.

வெகுநேரம் திரையை முறைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க அடிக்கிறதுலேர்ந்து எண்ணையும் ஆரையும் தனித்தனியா பிரிச்செடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒரு விதி எழுதணும்; அதுல ரெண்டு அடைப்புக்குறி போட்டிருக்கேங்க. மொதல்ல இருக்குறது எது வந்தாலும் அள்ளிக்கும். ரெண்டாவது ஆருக்கு. ஆர் எல்லாத்துலயும் வராதில்ல? அதனால இருந்தா எடு, இல்லாட்டி விடுன்னு பின்னால ஒரு கேள்விக்குறி வச்சேன். மொதல்ல இருக்குறது ஆரையும் சேத்து முழுங்கிடுச்சு."

"ரெண்டாவது கேக்காதா?"

"அது கட்டாயமில்லையே. ஒண்ணும் கெடைக்கலன்னாலும் அதுக்கு ஓகேதான். எல்லாம் பொருந்திச்சுன்னு மெஷினும் சொல்லிடும்."

அறிக்கையில் எண்ணுக்கான கட்டமும் குறுகல். விழுங்கப்பட்ட ஆர் அதில் வெட்டுப்பட்டு, ஒருவர் கண்ணிலும் படவில்லை. இலக்கங்களை மட்டும் எடு என்று முதல் அடைப்பைக் கட்டிப்போட்டார். ஆர் வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரத்தில்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம். புதிதாக அச்சிட்ட தாளைப் புரட்டிப் பார்த்தார். புரோகிராமரின் முதுகில் தட்டி, "கண்டுபுட்ச்சிட்டியே மாமே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சர்தாம்மா. இருந்தாலும் நீ பாத்து அடி."

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது, சூப்பர்வைசரின் நாற்காலி என் முதுகுக்குப் பின்னால் போடப்பட்டிருந்தது.