பீரங்கிப் படகும் ஆட்டிறைச்சிக் கறியும்

தொண்ணூறுகளில் பலேர்மோ துறைமுகத்தில் ஒரு சின்னக் கப்பல் பட்டறையில் தச்சு வேலை செய்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிரித்தாலும் குற்றமில்லை.

1. கிழவி

முதல் நாளே நினோ முதலாளி என்னை ஒரு கறுத்த மரக்கப்பலின் முன் நிறுத்தினார். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் பீரங்கிப் படகு. கடற்கொள்ளைக்காரரைத் துரத்தியதாம். பிறகு பீரங்கியைக் கழற்றிவிட்டு வியாபாரிக்கு விற்றார்கள். உப்பு ஏற்றியது, கரி ஏற்றியது, கடைசியில் கரையில் கட்டிக் கிடந்தது. பீரங்கியை இடமும் வலமும் இழுத்துத் திருப்பிய இரும்புத் தடம் மட்டும் மேல்தளத்தில் மிச்சம். நாங்கள் அதைக் கிழவி என்போம். இரண்டு வருடமாக அழுகின பலகையெல்லாம் மாற்றினோம். நான் வாங்கின ஏச்சுக்கு அளவில்லை.

2. சோதனை

வேலை முடிந்து கிழவியைத் தண்ணீரில் இறக்கியதும், அதைச் சோதிக்கத் துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். எல்லாரும் பேசியது இத்தாலிய மொழியில்தான், எங்கள் மன்னார்ப் பேச்சில் தருகிறேன்.

"ஆக்கள் ஒரு பக்கம் நிண்டால் கப்பல் சரியும். திரும்ப நிமிரவேணும். நிமிராட்டில் உடைக்கிறதுதான்."

நினோவின் முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்தார்.

"அந்தோனி, உங்கடை ஆக்கள் வருவினமோ?"

"ஓம், ஞாயிறு பூசை முடிய வருவினம். சாப்பாடு எண்டால் கூப்பிடாத ஆக்களும் வருவினம்."

அப்படியே வந்தார்கள். இன்ஜினியர் சரிவை அளக்க உள்ளே ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, எல்லாரையும் இடப்பக்கம் நிறுத்தினார். கிழவி கொஞ்சம் சரிந்தது. "இனி மெதுவா, ஒவ்வொருத்தரா வலப்பக்கம் போங்கோ" என்று அவர் சொல்ல வாய் திறக்கவும், வலப்பக்கத்தில் என் மனைவி செல்வி கறிச்சட்டியைத் திறக்கவும் சரியாக இருந்தது.

மன்னார்ச் சனத்துக்கு ஆட்டிறைச்சி வாசம் வந்தால் மெதுவாவது, ஒவ்வொருத்தராவது! மொத்தச் சனமும் ஒரே ஓட்டம். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தது. சாப்பாட்டுக் கோப்பைகள் உருண்டன. நினோ சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு வருட உழைப்பும் என் கண் முன்னே சரிந்து போகிறதே என்று நினைத்தேன்.

கிழவி ஒரு மூச்சு நின்றது. பிறகு, அத்தனை பேரையும் சுமந்தபடியே மெல்ல எழும்பி, இலேசான சாய்வில் அசையாமல் நின்றது.

நினோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

இன்ஜினியர் தூக்குக் குண்டைப் பார்த்துவிட்டு, கையெழுத்தையும் போட்டுவிட்டு, இரும்புத் தடத்தைக் காலால் தட்டினார்.

"இது பெரிய பீரங்கியை அங்கையும் இஞ்சையும் இழுக்கக் கட்டின கப்பல். உங்கடை கறிக்கோ கவிழப்போகுது?" என்றார். பிறகு கோப்பையை நீட்டினார். செல்வி எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

பிள்ளைகளே, உங்கள் கை செய்த வேலையை நம்புங்கள். ஆனாலும் சோதனை நாளில் கறிச்சட்டியை நடுவில் வையுங்கள்.