ஓரகத்தியை வெல்ல ஓர் ஆதாரம்

மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் அலுவலகம் அது. பெண்கள் பகுதிக்கு ஒரே அறை. இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, கூரை முட்டும் நூல்கள். அங்கே பதினான்கு வருஷமாகக் குப்பை கொட்டியவள் பெரியவள். போன வருஷம் வந்து எதிர் மேசையில் உட்கார்ந்தவள் சின்னவள், பெரியவளின் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள் என்றாலே போதும். ஒரே அலுவலகமும் என்றால் கேட்கவா வேண்டும்?

பெரியவள் ஒழுங்குக்காரி. எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் குர்ஆன். அதில் நேராக இல்லையென்றால் நபிமொழி. அப்புறம் அறிஞர்களின் ஒருமித்த முடிவு. அதுவும் இல்லாவிட்டால்தான் கியாஸ், அதாவது தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் தீர்ப்பு. இந்த வரிசை தப்பி அவள் ஒரு வரி எழுதியதில்லை. சின்னவளுக்கும் வரிசை அத்துப்படிதான். ஆனால் அவள் ஒப்பிட்டுச் சொன்னால் கேட்பவர்களுக்குப் பளிச்சென்று விளங்கிவிடும். “அந்தச் சின்னவங்க இருக்காங்களா?” என்றேதான் போன் வரும். ரிசீவரை நீட்டும் ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு வயிறு பற்றி எரியும். வீட்டில் மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொண்டாள், இங்கே ஊரையே போட்டுக்கொள்கிறாள் என்று பொருமுவாள். சின்னவளோ “அக்கா, அக்கா” என்று குழைவாள். அது இன்னும் எரியும்.

இந்த நேரம் பார்த்துப் பகுதித் தலைவி பதவி காலியானது. இருவரில் ஒருத்தியைப் போடுவதாகச் சொல்லிவிட்டார் ஹஜ்ரத், அலுவலகத்தின் தலைமை மார்க்க அறிஞர். அந்த வாரமே ஒரு தையல்காரியின் கேள்வி வந்தது. அவளுக்குக் கண்ணில் அழுத்தம், தினம் மூன்று வேளை சொட்டு மருந்து. நோன்பு வைத்துக்கொண்டு பகலில் விடலாமா? இருவரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார் ஹஜ்ரத்.

கண் உணவு போகிற வழியல்ல, நோன்பாளி கண்ணுக்குச் சுர்மா மை இட்டால் நோன்பு முறியாதது போலத்தான் மருந்தும் என்று சின்னவள் எழுதினாள். பெரியவளுக்கு உள்ளுக்குள் குஷி. நோன்பாளி சுர்மாவையே தவிர்க்கட்டும் என்று ஒரு நபிமொழி அவள் நினைவில் இருந்தது. நபிமொழிக்கு முன்னால் கியாஸ் நிற்குமா? மளமளவென்று எழுதி முடித்தாள். பக்க எண் போட நூலைப் பிரித்தாள். அந்த நபிமொழி அறிவிப்பு இருந்தது. அதன் அடியிலேயே, இது ஏற்கத்தக்கதல்ல என்று தொகுத்தவரே குறித்திருந்தார்.

அவள் போடும் பக்க எண்ணை ஹஜ்ரத் புரட்டிச் சரிபார்ப்பதே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. அந்தக் குறிப்பை விட்டுவிட்டுப் பக்க எண்ணை மட்டும் போட்டுத் தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மதியம் கூப்பிட்டார்.

“பதினாலு வருஷ அனுபவம் சும்மாவாம்மா? அந்தப் பிள்ளை ஒப்பிட்டுப் பார்த்துச்சு, நீ நபிமொழியையே கொண்டுவந்துட்ட. இனி இந்தப் பகுதியை நீதான் பார்த்துக்கணும்.”

இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினாள். காதில் விழுந்ததும் அந்த அடிக்குறிப்புதான் கண்முன் வந்தது. நபி சொன்னார் என்று உறுதியில்லாத ஒன்றைத் தெரிந்தே அவர் பெயரில் நீட்டியிருக்கிறாள், அதுவும் ஓரகத்தி மேலுள்ள காய்ச்சலில். பதவி ஒரு பக்கம் இழுத்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“ஹஜ்ரத், அது பலவீனமான அறிவிப்பு. கீழேயே எழுதியிருக்கு. பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்.”

அவர் நூலை எடுத்துவரச் செய்து படித்தார். திட்டவில்லை. “அப்ப கியாஸ்தான் நிக்கும்,” என்றார். பதவி சின்னவளுக்குப் போனது. தையல்காரிக்குப் பதிலைச் சொல்லும் வேலை பெரியவளுக்கு வந்தது.

“பகல்ல மருந்து விடலாம்மா, நோன்பு முறியாது,” என்றாள் போனில்.

“தெரியுமேம்மா. அந்தச் சின்னவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க, நான் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எழுத்துல கேட்டது எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டத்தான். ஆமா, நீங்க யாரு பேசுறது?”

பெரியவள் எதிர் மேசையைப் பார்த்தாள்.

“அவங்களோட ஓரகத்தி,” என்றாள்.