வெப்பர் என்ற பெயரோடு பதுளைக்கு

தை பிறந்து எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கினேன். இருப்புப் பாதை அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பதுளைக்குப் பதினெட்டு மைல். மாட்டு வண்டியில் போக ஆளுக்கு முக்கால் ரூபாய் கேட்டார்கள். உறையூரில் மார்கழிப் பனிக்குக்கூட மேல்துண்டு போதும் எனக்கு. இங்கோ, கொண்டுவந்திருந்த ஜமுக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டும் பல் கிட்டியது.

வண்டியில் என்னோடு வந்த புகையிலை வியாபாரி, "எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க?" என்று கேட்டார். மடியிலிருந்த கடிதத்தை எடுத்து உறையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். அனுப்பியவர் விலாசமாக அதில் இருந்தது இவ்வளவுதான்: ஆறுமுகம், வெப்பர், பதுளை.

ஆறுமுகம் என் அண்ணன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தறியை எந்தத் திண்டாட்டத்திலும் விடக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக நின்றபோது, கோபித்துக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியின் பின்னால் கண்டிச் சீமைக்குக் கப்பலேறிவிட்டான். அப்பா இறந்த செய்தியை எழுதக்கூட எங்களிடம் விலாசம் இல்லை. அப்படியிருக்க, கார்த்திகை கடைசியில் இந்தக் கடிதம் வந்தது. யாரோ எழுதிய கையெழுத்து. "உங்கள் அண்ணனுக்கு மிஷினில் வலது கை போய்விட்டது. சரியாகச் சாப்பிடுவதில்லை. சொந்தக்காரர் வந்து அழைத்துப் போகவும்." வேறு ஒரு வரியும் இல்லை.

பிற்பகல் நான்கு மணிக்குப் பதுளை வந்து சேர்ந்தோம். சுற்றிலும் மலை, நடுவில் ஊர். கடைத்தெருவில் தமிழ்க் குரல்கள் கேட்டதும் பாதி பயம் போயிற்று. புகையிலை வியாபாரி என்னை மாணிக்கம் பிள்ளை என்பவரின் மளிகைக் கடையில் கொண்டுபோய் விட்டார். பிள்ளை இராமநாதபுரத்துக்காரர். தோட்டத்து ஜனங்களின் கடிதங்கள் பல அவர் கடைக்குத்தான் வரும். முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, இலை போட்டுச் சோறு போட்ட பிறகுதான் கடிதத்தைக் கையில் வாங்கினார்.

"வெப்பர் தோட்டமா? நமுனுகுல மலைப்பக்கம் இருக்கு தம்பி. வெப்பர் தொரைதான் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவரு. அவரு சீமைக்குப் போயே ரொம்ப வருசமாச்சு."

"அப்ப இன்னும் ஏங்க அவரு பேரு?"

"ஆளு போனாலும் பேரு போகல. இப்ப இருக்கிற தொரைக்குப் பேரு வேற. காகிதத்துல தோட்டத்துக்கே பேரு வேற. நம்ம சனங்களுக்கு அது என்னைக்கும் வெப்பர் தோட்டந்தான். தபால்காரரே அப்படித்தான் சொல்லுவாரு."

புதன்கிழமை காலை தபாலாபீசிலும் விசாரித்தோம். அதையே சொன்னார்கள். பிள்ளை தம் கடைச் சரக்கு ஏற்றிய வண்டியிலேயே என்னைப் பசறைக்கு அனுப்பிவைத்தார். பன்னிரண்டு மைல். கூலி கொடுக்கப் போனபோது வண்டிக்காரர் கையை உதறிவிட்டார். "அரிசி மூட்டை கூலி கேக்குதா? நீங்களும் அது மேலதானே உக்காந்து வந்தீங்க."

வியாழக்கிழமை விடிந்ததும் பசறையிலிருந்து நடந்தேன். வெப்பர் தோட்டத்துக்கு ஏழு மைல் என்றார்கள். மலைச்சரிவில் அந்த ஏழு மைல் எங்கள் ஊர் இருபது மைலுக்குச் சமம். தேயிலைச் செடிகள் இடுப்பளவுக்கு ஒரே மட்டமாக, சீப்பு வைத்து வாரியதுபோல இருந்தன. மேலே பாதையில் நடக்கையில் மேகம் காலடியில் கிடந்தது. அண்ணன் இவ்வளவு அழகான இடத்தில்தான் கையை இழந்தானா என்று நினைத்தபோது அழகு கசந்தது.

பத்தரை மணிக்குத் தோட்டத்து ஆபீசை அடைந்தேன். அங்கே கணக்கு எழுதும் கிளாக்கர் ஞானமுத்து என்பவர், திருநெல்வேலிப் பக்கம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெயர்ப் பதிவைப் புரட்டினார்.

"ரெண்டு ஆறுமுகம் இருக்காங்க. ஒருத்தருக்கு எழுவது வயசு. இன்னொருத்தர் போன மாசந்தான் பொறந்தாரு."

கடல் தாண்டி வந்து, இருந்த ஒரே அடையாளமும் பொய்த்துப் போயிற்றே என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த மாகாணத்தில் எத்தனை தோட்டங்கள்! எங்கே போய்த் தேடுவேன்? ஞானமுத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். என் மனதை வேறு பக்கம் திருப்பத்தான் கேட்டாரோ என்னவோ, "ஊர்ல உங்களுக்கு என்ன தொழில்?" என்றார்.

"நெசவுங்க. பரம்பரையா நெசவுதான்."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து தடித்த அகராதி ஒன்றை எடுத்து, விரலால் தடவித் தேடினார்.

"நெனச்சது சரியாப் போச்சு. வெப்பர்னா பழைய இங்கிலீசுல துணி நெய்யுறவன்னு அர்த்தம்."

"தொரைக்கா அந்தப் பேரு?"

"தொரைக்குத்தான். அவரு முப்பாட்டன் யாராச்சும் தறியில உக்காந்திருப்பாரு. சிமித்துன்னா கொல்லன், பாட்டர்னா கொசவன், ஷெப்பர்டுன்னா ஆடு மேய்க்கிறவன். அங்க தொழிலை விட்டாலும் அந்தப் பேரு தலைமுறை தலைமுறையா வீட்டோட ஒட்டிக்கிட்டு வருது."

உறையூரில் நூல் வியாபாரி எங்களை, 'டேய், தறிக்காரா' என்று வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசுவார். இங்கே ஒரு மலைக்கே அந்தச் சொல் பெயராக இருக்கிறது. அந்தச் சொல்லைத் தாங்கிய மனிதரின் முன்னால் நானூறு பேர் கைகட்டி நின்றிருக்கிறார்கள்.

ஞானமுத்துவோ அதற்குள் வேறொரு யோசனையில் இருந்தார். "மடுல்சீமையில ஒரு தோட்டத்துல என் மச்சான் கிளாக்கரா இருக்கான். அங்க உள்ள தொரை ஒரு மாதிரி தமாஷ்காரரு. ஒரே பேருல நாலஞ்சு பேரு இருந்தா, அப்பன் தொழிலைக் கேட்டு, அதை இங்கிலீசுல முன்னால போட்டு எழுதிடுவாரு. ஷெப்பர்டு முனியாண்டின்னு ஒருத்தரு இருக்காருன்னு மச்சான் சொல்லிச் சிரிச்சான். உங்க அண்ணனும் அங்கதான் இருக்கணும். வெப்பர்ங்கிறது தோட்டத்துப் பேரு இல்லீங்க. அது உங்க அண்ணன் பேரு!"

அன்று அவர் வீட்டிலேயே தங்கவைத்தார். மச்சானுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். முன்பின் தெரியாத எனக்காக அந்த அகராதியை அவர் எடுக்காமல் இருந்திருந்தால் நான் அழுதுகொண்டே ஊர் திரும்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, பசறைக்கு இறங்கி, மறுபடியும் மடுல்சீமைக்கு ஏறினேன். மொத்தம் பதினேழு மைல். கடைசி நான்கு மைலில் வண்டி போகிற பாதையே இல்லை. மழைத் தண்ணீர் அரித்த தடம்தான். மாலை நான்கு மணிக்குத் தோட்டத்துக்குள் நுழைந்து, எதிரே விறகு சுமந்து வந்தவரிடம், "வெப்பர் ஆறுமுகம்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை அவர். "நம்ம வெப்பரா? பிள்ளைக் காம்பராவுல இருப்பாரு, போங்க" என்றார்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. விட்டத்திலிருந்து பதினைந்து இருபது சேலைத் தொட்டில்கள் தொங்கின. நடுவில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இடது கையால் ஒரு தொட்டிலையும், காலில் கட்டிய கயிற்றால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டிருந்தான். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"அண்ணே."

நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "அப்பா எப்படியிருக்காரு?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் புரிந்துகொண்டான். குழந்தைகள் விழித்துவிடும் என்று சத்தமில்லாமல் அழுதான். நானும் அப்படியே அழுதேன்.

அன்று மாலை, கூலி ஜனங்களின் வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மூக்காயி எங்கள் இருவருக்கும் சோறு கொண்டுவந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் செத்து மூன்று வருஷம். இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்தானாம். அவள்தான் உருட்டிக் கொடுத்திருக்கிறாள். வளையல்காரர் ஒருவரைப் பிடித்து எனக்குக் கடிதம் எழுதவைத்தவளும் அவள்தான். அவள் 'வெப்பர் ஆறுமுகம்' என்று சொன்னதை அவர் 'ஆறுமுகம், வெப்பர்' என்று எழுதித் தோட்டத்துப் பெயரை விட்டுவிட்டார்.

அவள் போனதும், "ஊருக்குக் கிளம்புண்ணே" என்றேன்.

"வந்து என்னடா பண்ணுவேன்? தறிக்குழியில உக்காந்தா காலு மிதிக்கும். குறுக்கு நூல் நாடாவை யாரு எறிவா?"

"நான் சோறு போடமாட்டேனா?"

"போடுவே. தெருவுல போறவனெல்லாம் கையில்லாதவன்னு பாப்பான். இங்க என்னை அப்படி ஒருத்தரும் கூப்பிடலைடா."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷத்துக் கோபம். "உன்னை இங்க புடிச்சு வச்சிருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மா யாரு, என்ன சாதி, நமக்கு என்ன உறவு?" என்று கத்திவிட்டேன். லயத்துச் சுவர் பாதிதான். மேலே திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு. எல்லாரும் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். "வெப்பர் ஆறுமுகம்!" என்று துரை உரக்கக் கூப்பிட்டதும் அண்ணன், "ஐயா!" என்றான். ஞானமுத்துவின் மச்சான் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். துரை என்னைப் பார்த்துக் கொச்சைத் தமிழில், "நீயும் வெப்பரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க தொரை. நான் இன்னும் நெய்யுறேன்."

தலையசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவருக்கு அது விளையாட்டாக இருக்கலாம். ஆனால் அப்பாவோடு சண்டை போட்டுத் தறியை விட்டு ஓடிய என் அண்ணன், கையும் போன பிறகு, தினமும் காலையில் நெசவாளி என்ற சொல்லுக்குத்தான் நிமிர்ந்து நிற்கிறான். அப்பா இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிய மூக்காயி என்னருகே வந்து நின்றாள்.

"கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே. அவரு மாட்டேம்பாரு, கேக்காதீங்க. நான் கடுதாசி போட்டது அதுக்குத்தான். எனக்கு அவரு சொந்தமில்ல. சொந்தக்காரங்ககிட்ட இருந்தாத்தான் அவரு பொழைப்பாரு."

முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தாள். நேற்று நான் கத்தியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவன் போய்விட வேண்டும் என்று கடிதம் போட்டவளையா அவனைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னேன்! நான் பின்னாலேயே ஓடினேன்.

"நில்லுங்கம்மா. நேத்து நான் பேசினது தப்பு. அண்ணன் இங்க இருந்தா உங்களுக்குச் சம்மதமா?"

அவள் திரும்பவில்லை. கூடைக் கயிற்றை இழுத்துச் சரி செய்தாள். "அவரு போயிட்டா என் பிள்ளைங்கதான் தேடும்" என்றாள். வேறு பதில் எனக்குத் தேவைப்படவில்லை. அன்று மாலை அண்ணனிடம் சொன்னபோது, "மூக்காயி சரின்னா எனக்கும் சரிதான்டா" என்றான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தோட்டத்துக் கங்காணி, மூக்காயிக்கு அண்ணன் முறையில் நின்றார். மாப்பிள்ளை வீடு என்று நின்றவன் நான் ஒருவனே. மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறுதான் தாலி. ஒரு கையால் முடிச்சுப் போட முடியாமல் அண்ணன் தடுமாறியபோது, நாத்தனார் போடவேண்டிய இரண்டு முடிச்சோடு அந்த ஒன்றையும் சேர்த்து லயத்துப் பெண்களே போட்டுவிட்டார்கள். துரை அரைநாள் லீவு கொடுத்தார். லயம் லயமாக அரிசி வந்து, எல்லாருக்கும் பொங்கிப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். தண்ணீர் அரித்த அந்தத் தடம் முடிகிற இடம்வரை அண்ணன், அண்ணி, இரண்டு குழந்தைகள் எல்லாரும் கூட வந்தார்கள். சின்னவள் என்னை, 'சித்தப்பா' என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு அண்ணியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒருவனை அழைத்துவரப் போனவன், மூன்று பேரைச் சொந்தமாகப் பெற்றுக்கொண்டு தனியே திரும்பினேன்.

உறையூரில் இதைச் சொன்னபோது தெருவில் சிலர் எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த ஒரு வாரத்தில் எத்தனை அந்நியர் வீட்டில் உண்டேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருவரும் என்னை வாசலில் நிறுத்தவில்லை. பாதி விலாசத்தோடு எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? தெரியாது என்று கையை விரித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்திருப்போம்.

போன ஐப்பசியில் அப்படியே ஒரு பெண் வந்தாள். கண்டிச் சீமையில் பிறந்தவள். தாயும் தகப்பனும் இல்லை. அத்தை இருக்கிறாள் என்பது தெரியும். ஊர்ப் பெயர் அரைகுறையாகத் தெரியும். அடைமழை. தறியில் பாவு முக்கால் பங்கு ஓடியிருந்தது. நாடாவைக் கீழே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன். இரண்டு நாள் அலைந்து, மணப்பாறைக்கு அப்பால் அந்த அத்தையைக் கண்டுபிடித்தோம்.