நுவரெலியாவில் வரிசையில் ஐந்தாவது ஆளாக நடந்த நான்கு மைல்

இந்தப் பக்கத்தை வாசிக்கும் இரண்டு பேர் சென்ற மாதம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். நுவரெலியாவை வாகனம் இல்லாமல் நடந்தே பார்க்க முடியுமா, வழி காட்ட யாராவது கிடைப்பார்களா என்று. தாராளமாக முடியும். ஆனால் எனக்குத் தெரிந்தது 1962 சித்திரை மாதத்து வழி. அதன் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், மரக்கறி வாங்க, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணங்களுக்கு. ஒருவர் முன்னால் நடந்து இது இன்னது, அது இன்னது என்று காட்ட நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்துக்கே பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொன்னார்கள். ஏன் என்று நான் வாய் திறந்து கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். பன்னிரண்டு வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடத்தில் எதை மறைக்க முடியும்? பொழுது சாய்வதற்குள் எனக்கு 'வாயாடி டீச்சர்' என்று பெயர் கட்டியாகிவிட்டது. அம்மா ஒரு வாரம் பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை.

அதனால் அடுத்த சம்பந்தம் வந்தபோது என் தாய்மாமா ஒரு யோசனை சொன்னார். மாமா நுவரெலியாவை ஒட்டிய ஒரு தோட்டத்தில் தப்பால்காரர். தினமும் தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்கு நடந்து போய் தோட்டத்துக் கடிதங்களை எடுத்து வருவது அவர் வேலை. "லயத்துக்கு வந்தாத்தானே ஊருக்குத் தெரியும்? ரெண்டு பக்கமும் நுவரெலியா பாக்க வாங்க. நான் ஊரச் சுத்திக் காட்டுறேன். புடிச்சா பேசுவோம். புடிக்காட்டி ஊரு பாத்த கணக்கு" என்றார். பொழுது போவதற்குள் சம்மதமா இல்லையா என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்னொரு தடவை முறிந்தால் என்னைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அம்மா பயந்தார். பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுத்து ஒரு கல்யாணமா என்று எனக்கு அதைவிடப் பெரிய பயம்.

அம்மாவும் நானும் காலை ஐந்தேகாலுக்கு லயத்தை விட்டு இறங்கினோம். ஆறு மணி பஸ்ஸில் தலவாக்கலை, பதின்மூன்று மைல், ஆளுக்கு எழுபது சதம். எட்டு இருபதுக்கு ரயில். நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பில் அறுபத்தைந்து சதம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இடது பக்கம், வலது பக்கம் என்று சண்டை போடாதீர்கள், இரண்டு பக்கமும் அழகுதான். எங்களுக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்து அம்மாவுக்கு அவித்த கடலை கொடுத்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நானுஓயாவில் இறங்கியதும் மாமா எங்கள் நாலு பேரையும் பார்த்து, "ஒண்ணாவே வந்துட்டீங்களா" என்று சிரித்தார். ஜன்னல்காரர்தான் மாப்பிள்ளை. பெயர் தங்கராசு, மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கிற தொழிற்சாலையில், வேலை. கடலை கொடுத்தவர் அவருடைய அக்கா.

அங்கிருந்து டவுனுக்கு ஐந்து மைல், பஸ்ஸுக்கு இருபத்தைந்து சதம். பத்து பத்துக்கு இறங்கினோம். வெயில் அடித்தது, ஆனாலும் கம்பளியைக் கழற்ற மனம் வராத குளிர்.

மாமா முதலில் கூட்டிப் போனது தபால் கந்தோருக்கு. வேறு எங்கே போவார்? சிவப்புச் செங்கல், கூர்மையான கூரை, மேலே மணிக்கூண்டு. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள், ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் அது தெரியும், வழி தவறாது. மாமா ஒவ்வொரு கட்டிடத்தையும் அதற்கு வரும் கடிதங்களை வைத்தே விளக்கினார். "அந்தா மேல தெரியிற பங்களாவுக்கு சீமையிலேருந்து மாசம் ரெண்டு கடுதாசி. தொரை பதில் போடுறதே இல்ல, பாவம் அந்தத் தாய்." பெரிய ஹோட்டலைக் காட்டி, "இதுக்கு வர்றது பூரா பில்லு" என்றார். மேட்டுச் சாலையில் ஒரு மைல் ஏறி இங்கிலீஷ்காரர்களின் பழைய மாதா கோயிலைப் பார்த்தோம். யார் கட்டியது, எந்த வருஷம் என்றெல்லாம் கேட்காதீர்கள், மாமாவுக்குத் தெரியாது. அந்தப் பாதிரியாருக்குச் சீமைப்பூ விதை தபாலில் வரும் என்பது தெரியும்.

இறங்கி வரும்போதுதான் நான் கவனித்தேன். அவ்வளவு அகலமான தார் ரோட்டில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்துகொண்டிருந்தோம். மாமா முதலில், அப்புறம் தங்கராசு, அவருக்குப் பின்னால் அக்கா, அக்காவுக்குப் பின்னால் அம்மா, கடைசியில் நான். கொழுந்து பறிக்கிற மலையில் இரண்டு செடிக்கு நடுவே ஓர் ஆள்தான் போகலாம். பிறந்ததிலிருந்து நடந்த நடை அது, காலுக்கு ரோடு அகலம் என்று சொன்னால் புரியுமா? நான் செருப்பைச் சரிசெய்ய நின்றால் அம்மா நிற்பார், அம்மா நின்றால் அக்கா, அப்படியே மாமாவரை வரிசை நின்றுவிடும். மறுபடி நடந்தால் அதே ஒழுங்கு. பெண் பார்க்க வந்தவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க வழியில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்னங்கழுத்தும் புதிதாகத் தைத்த கோட்டும்தான், அதுவும் இரண்டு முக்காட்டுக்கு நடுவில்.

மார்க்கெட் பக்கம் பியர்ஸ் பழம் விற்ற சிங்கள அம்மா எங்களைப் பார்த்து, "மொகத, பெரஹெரக்த?" என்றார். என்ன, பெரஹராவா, யானையோடு போகிற விகாரை ஊர்வலமா என்று கேட்கிறார். மாமா நிற்காமலே, "ஒவ், அலியா விதரய் நெத்தே" என்றார். ஆமாம், யானைதான் இல்லை என்று அர்த்தம். தங்கராசுவின் தோள் குலுங்கியது. சிரிக்கத் தெரிந்தவர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பூங்காவுக்குள் பன்னிரண்டரைக்கு நுழைந்தோம். பூக்களுக்கு அதுதான் மாதம், சித்திரையைத் தவற விடாதீர்கள். அம்மாவுக்குப் பூவைவிட வேலிக்கு அப்பால் கோல்ப் விளையாடும் புல்வெளிதான் பெரிய அதிசயம். "ஒரு சின்னப் பந்துக்கா இவ்வளவு நெலம்? இதுல தேயில நட்டா ஒரு நாளைக்கு எத்தன ராத்தல் கொழுந்து வரும்" என்று அக்காவிடம் கேட்டார். அக்காவும் நின்று கண்ணாலேயே அளந்து பார்த்தார். கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். உட்கார்ந்ததும் அதே வரிசையில்தான்.

மணி ஒன்றரை ஆகிவிட்டது. நாலு மணிக்குப் பஸ். நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, அதைப் பெரியவர்கள் முன்னால் கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பட்டாயிற்று. கைப்பையில் பிள்ளைகளின் கொப்பி ஒன்று இருந்தது. கடைசித் தாளைக் கிழித்து எழுதினேன்.

'கல்யாணத்துக்குப் பிறகும் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க விரும்புகிறேன். ஆகும் என்றால் எனக்குச் சம்மதம். ஆகாது என்றால் என் மாமாவைக் கோபிக்காமல் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.'

கை கழுவப் போன மாமாவின் பின்னால் போய் அதை நீட்டினேன். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல்விலாசம் இல்லாத கடுதாசிய நான் தூக்க மாட்டேன் புள்ள. இருபது வருசமா அதான் சட்டம்."

அவர் விளையாடவில்லை. எனக்குக் காது சுட்டது. தாளை நாலாக மடித்து மேலே எழுதினேன்: திரு. தங்கராசு அவர்கள், வரிசையில் இரண்டாவது ஆள், நுவரெலியா. மாமா அதை வாசித்தார், முகம் மாறாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பூங்காவிலிருந்து குதிரைப் பந்தயத் திடலைத் தாண்டி வாவிக்கரைக்கு ஒரு மைல் இருக்கும். வெயிலில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. இரண்டேகால் மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் கரையில் நின்றபோது மாமா திரும்பி, "தங்கராசு, கடுதாசி" என்று கொடுத்தார்.

அம்மா என் கையைப் பிடித்தார். "என்னடி எழுதித் தொலச்ச?"

அக்கா தம்பியிடம் கை நீட்டினார். "யாருக்குடா, என்னான்னு பாப்போம்."

"கடுதாசிய அது யாருக்கு வந்துச்சோ அவங்கதான் பிரிக்கணும்" என்றார் மாமா.

தங்கராசு ஒரு கல்லில் உட்கார்ந்து பிரித்தார். மேல்விலாசத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். பிறகு முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தார். விரல் நகர்ந்தது, நின்றது, பின்னால் போய் மறுபடி வந்தது. உதடு எழுத்தெழுத்தாய்க் கூட்டியது. மூன்று வரி. என் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் வாசிப்பார்கள். ஐந்தாவது பாஸ் என்றுதானே மாமா சொன்னார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். மாமா வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த விரல் சரியான இடத்தில் போய் நிற்க வேண்டுமே என்று ஒவ்வோர் எழுத்துக்கும் வேண்டிக்கொண்டேன்.

முடித்துவிட்டு எழுந்தார். முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார். "நான் மூணாவதோட நின்னுட்டேங்க. அஞ்சாவதுன்னு தப்பால்கார அண்ணன் சொல்லியிருப்பாரு. அது பொய்யி."

மாமா வாத்துகளை எண்ணத் தொடங்கினார்.

"எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எப்பவும் வாத்தியாரு தங்குறதில்ல. இப்பவும் ரெண்டு வருசமா பூட்டிக் கெடக்கு. தொரைகிட்டப் போய்க் கேட்டோம். ஆளக் கொண்டாங்க, தொறக்குறேன்னாரு. டீச்சரா ஒரு பொண்ணு இருக்குன்னு அண்ணன் சொன்னதும், நான்தான் அக்காவப் புடிச்சிக் கூட்டிட்டு வந்தேன்."

அக்கா, "ஆமா, நாலு நாளா தூங்க விடல" என்றார்.

நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. "அப்ப நீங்க பொண்ணு பாக்க வரல. டீச்சர் பாக்க வந்தீங்க."

"வந்தது அதுக்குத்தாங்க." தாளை வந்த மடிப்பிலேயே மடித்துக் கோட்டுப்பைக்குள் வைத்தார். "இப்ப, பள்ளிக்கூடம் தொறக்காட்டியும் பரவாயில்லன்னு இருக்கு."

"எனக்கு அப்படி இல்ல" என்றேன். "அது தொறக்கணும்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா மட்டும், "பதில் வந்துருச்சு, நடங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். இவள் வாயாடி என்று இப்போது இவர்களும் எழுந்து போகப் போகிறார்கள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். அக்கா அம்மாவின் முந்தானையில் மீதிக் கடலையைக் கொட்டி முடிச்சுப் போட்டார். அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

ஆனியில் கல்யாணம். ஆவணியில் பள்ளிக்கூடத்தைத் திறந்தோம். சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாததால் அவர்தான் பூட்டை உடைத்தார். முதல் நாள் பதினேழு பிள்ளைகள் வந்தார்கள், அதில் நாலு பேர் மூக்கை ஒழுக விட்டுக்கொண்டு. ஓய்வு பெறும்வரை நான் அங்கேதான் இருந்தேன். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. கோபத்தில் நான் பேச மறுத்தால், எழுதித் தாங்க என்பார். அவர் போய் இந்தத் தைக்கு ஆறு வருஷம். இன்னும் சில நாள் காலையில் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிவிடுகிறேன்.

சரி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நான் சொன்ன வழி மொத்தம் நான்கு மைல், சாவகாசமாக நடந்தால் நாலு மணி நேரம். மாதா கோயில் மேட்டைத் தவிர ஏற்றம் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். சித்திரையில் கூட்டம் நெரியும், ஆனால் பூ உண்டு. குடையும் கம்பளியும் எந்த மாதத்திலும் வேண்டும். பழம் வாங்கினால் விலை பேசுங்கள். இன்றைய பஸ் கட்டணம் எனக்குத் தெரியாது, மகன் காரில் கூட்டிப் போகிறான். வழிகாட்டிக்கு ஆள் தேடினால் வரலாறு படித்தவரை விட்டுவிட்டு, அந்த ஊரில் தினமும் நடந்து வேலை செய்கிறவர் யாரையாவது கேளுங்கள். பொய் கொஞ்சம் கலந்து சொல்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கு மட்டும் மூன்று மணிக்கு முன்பே போய்விடுங்கள். அதன் பிறகு மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், முகம் தெரிகிறபோதே கேட்டுவிடுங்கள்.