எண்பதில் கேட்காது

தொண்ணூறுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு புடவைக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மொத்தம் ஆறு மிஷின். பாடம் எடுக்க நானும் ஒரு நண்பனும். நான் மல்லாங்கிணறிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அவனுக்கு நெசவாளர் தெருவிலேயே வீடு. அவன் பொறுமைசாலி. நான் அவசரக் குடுக்கை. இருந்தும் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை என்றால் அந்தப் பெருமை முழுக்க அவனுக்குத்தான்.

அவன் அப்பாவுக்கு நான்கு விசைத்தறி. ஆயுள் முழுக்க அந்தத் தடதடப்பில் நின்றதில் அவருக்கு இடது காது போய்விட்டது. அவர் வாயால் அதைச் சொன்னதில்லை, வீட்டிலும் யாரும் பேசமாட்டார்கள். அவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். இரண்டு தடவை அவர்கள் வீட்டில் சாப்பிட்டதில் நானும் பழகிக்கொண்டேன்.

வரும் தை மாதம் மகன் சென்டரை விட்டுவிட்டுத் தறிக்கு வரவேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். இவனுக்கோ கம்ப்யூட்டர்தான் உயிர். தறிக்கூடத்தில் அவர் பக்கத்தில் கிடைத்த இடத்தில் நின்று, "இந்த வேலையிலயே இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டானாம். அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டே இருந்தாராம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பதில் சொல்லாததே பதில் என்று இவன் நினைத்துக்கொண்டான். அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. "ஒரு தடவ வந்து பாருங்க" என்று மட்டும் கூப்பிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

அவருக்குக் காட்டுவதற்காக அவன் ஒரு வெப் பக்கம் செய்திருந்தான். அவர்கள் தறியில் ஓடும் சேலைகளின் கரைகளைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து அடுக்கியிருந்தான். ஒரு மிஷினில் இருக்கும் சர்வர், கேட்பவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும்; மற்ற மிஷின்களில் இருந்தபடி பார்க்கலாம்.

ஞாயிறு காலை சர்வர் கிளம்பவே இல்லை. கம்ப்யூட்டருக்குள் எண் போட்ட வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. போர்ட் என்பார்கள். வெப் சர்வர் வழக்கமாக எண்பதாம் வாசலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தால் இதற்கு இடமில்லை. உட்கார வைத்த புண்ணியவான் நான்தான். முந்தின நாள் சாயங்காலம், சும்மா கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று அதே மிஷினில் இன்னொரு சர்வரை ஏற்றி, விளையாட்டாக ஒரு பக்கமும் எழுதி வைத்திருந்தேன்.

வெட்கத்தில் குறுகிப்போனேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. செட்டிங் ஃபைலைத் திறந்தான், 80 என்பதை 8080 ஆக்கினான், சேமித்துவிட்டு மறுபடி கிளப்பினான். சர்வர் எழுந்துகொண்டது. மாடிப்படியில் அவன் அப்பாவின் செருப்புச் சத்தமும் கேட்டது.

அவரைக் கடைசி மிஷின் முன்னால் நிறுத்தினோம். அவசரத்தில் நான் முகவரியை அடித்து, பின்னால் 8080 போடாமல் விட்டுவிட்டேன். எண் போடாவிட்டால் எண்பதுக்குத்தானே போகும்? திரையில் என் பக்கம் வந்து நின்றது. சர்வர் என்ற பேருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நான் எழுதி வைத்திருந்த இட்லி, வடை, போண்டா.

"என்னய்யா இது, ஓட்டலா?" என்றார்.

பின்னாலிருந்து நண்பன் பதறினான். "ஏலே, எய்ட்டில கேக்காதுலே! எய்ட்டி எய்ட்டிலதான் கேக்கும்!"

அவன் சொன்னதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ அவர் காதில் விழுந்துவிட்டது.

"யாருக்குக் கேக்காது?"

முகம் சிவந்து தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியைப் பார்த்துத் திரும்பினார். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. அதில் காதால் கேட்பதற்கு ஒரு சொல், வாயால் கேட்பதற்கு வேறு சொல். நான் இருந்ததால் மரியாதைக்குத் தமிழில் பேசினார்கள். தமிழில் எல்லாமே கேட்பதுதான்.

நான் ஓடிப்போய் அவருக்கு வலது பக்கம் நின்றேன். "உங்கள இல்லப்பா, இந்த மிஷினச் சொன்னான். இதுல ஒரு பக்கத்த நான் அடைச்சு வச்சிட்டேன். அந்தப் பக்கமா எத்தன தடவ கூப்பிட்டாலும் இதுக்குக் கேக்காது. மறுபக்கம் வந்து கூப்பிடணும்."

சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. முகவரிக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்து 8080 அடித்தேன். கரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் குனிந்து பார்த்தார். ஒரு கரையில் விரலை வைத்து, "இது நம்ம ரெண்டாந் தறி" என்றார். பிறகு கரை கரையாக விரலை நகர்த்திக்கொண்டே போனார்.

"மறுபக்கம் வந்து சொன்னாக் கேக்குதாக்கும்" என்றார் கடைசியில். மகனிடம் திரும்பினார். "இவ்வளவு ஆசைய வச்சுக்கிட்டு, இதுலயே இருக்கட்டுமான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"கேட்டேன்ப்பா. தறிகிட்ட நின்னு கேட்டேன்."

"எந்தப் பக்கம் நின்ன?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"எடது பக்கம்" என்றான். "உங்களுக்குக் கேக்கலப்பா."

அந்த வீட்டில் யாரும் சொல்லாததை அவன் சொல்லிவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகன் நின்ற பக்கமாக வலது காதைத் திருப்பினார்.

"இப்பக் கேளு" என்றார்.