வாட வேண்டிய வரிசை

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவியை யாரும் கேட்கவில்லை என்பதால் என் தலையில் கட்டினார்கள். மந்தைவெளியில் பழைய கட்டடம் எங்களுடையது. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜலஜா வந்து, மொட்டைமாடியில் ஒரு ஆராய்ச்சி செய்ய இடம் வேண்டும் என்று கேட்டார். செடிதானே, வைத்துக்கொள்ளட்டும் என்று தலையாட்டினேன். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

ஜலஜா அபிராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். விவசாயம் படிக்கப் போகிறேன் என்றபோது, மெட்ராஸில் வயல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்களாம். இப்போது ஐம்பது வயது. கணவர் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். தேனாம்பேட்டையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. ஒரே பயிரை இரண்டு விதமாக வளர்த்து, எது அதிகம் காய்க்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நம் ஜனங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்து பாருங்கள், தெரியும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் பாதிக்குப் புது முறை, பாதிக்குப் பழைய முறை என்று நெல் நட்டிருக்கிறார். பழைய பாதி கொஞ்சம் மஞ்சளடித்ததும் அந்த மனுஷர் இவருக்குத் தெரியாமல் யூரியாவைத் தூவிவிட்டார். கேட்டதற்கு, "ரோட்டோரமா இருக்கும்மா. போறவன் வர்றவன் பார்த்தா என்னைத்தானே கேவலமாப் பேசுவான்?" என்றாராம். ஒரு பருவத்து உழைப்பு அவருடைய மானத்தில் போயிற்று. ஊர்ப்பக்கம்தான் இப்படி, படித்தவர்கள் இருக்கும் இடத்தில் பிரச்சினை இருக்காது என்று நம்பித்தான் ஜலஜா எங்கள் மாடிக்கு வந்தார். பாவம், எங்களை அவருக்குத் தெரியாது.

இரண்டு வரிசைப் பைகளில் வெண்டை போட்டார். இரண்டுக்கும் வழக்கத்தில் பாதித் தண்ணீர்தான். ஒரு வரிசைக்கு மட்டும் மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு போட்டார். அது ஈரத்தைக் காப்பாற்றும், பாதித் தண்ணீரிலேயே நன்றாகக் காய்க்கும் என்பது அவர் கணக்கு. இன்னொரு வரிசை வெறும் மண். அந்த வெறும் வரிசைதான் எல்லார் உயிரையும் வாங்கியது. வெயில் ஏறியதும் அது துவண்டது. துவளத்தான் வேண்டும், அதற்காகத்தான் அதை வைத்ததே. ஆனால் துணி காயப்போட வந்தவர்களுக்கு அது புரிந்தால்தானே?

முதலில் வாட்ச்மேன் ஆண்டனி. "இன்னா மேடம், செடி வாடிக்கினு கீது, நீங்க பார்த்துக்கினு கீறீங்க?" என்று ஒரு பக்கெட் ஊற்றினார். முதல் மாடி அபயாம்பாள் மாமி, "எங்காத்துல மோர் மீந்துடுத்துன்னு விட்டேன், அது தப்பா?" என்றார். ஜலஜா பொறுக்கமாட்டாமல், 'இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று பலகை எழுதி வைத்தார். அவ்வளவுதான், வாட்ஸ்அப் குழு தீப்பற்றியது. 'செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று பலகை வைத்த ஒரே குடியிருப்பு நம்முடையதுதான். வாழ்க செயலாளர்!' நான் என்ன செய்தேன்?

எல்லாரையும் விட மோசம் சுந்தரவல்லி. திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. தினமும் அரிசி களைந்த தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து அந்த வரிசைக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜலஜா கையும் களவுமாகப் பிடித்தபோதும் அசரவில்லை.

"ஒண்ணுக்குப் போர்வை போத்தியிருக்கீய, இன்னொண்ண வெயில்ல போட்டு வதைக்கீய. பெத்த பிள்ளைய ரெண்டுல ஒண்ணுக்கு மட்டுந்தான் சோறு போடுவீயளாக்கா?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்னா ஒண்ணு வாடித்தான் ஆகணும், வல்லி!" என்று ஜலஜா கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கடைசியில் வெறும் வரிசைதான் அதிகம் காய்த்தது. காய்க்காமல்? மோரும் கழுநீருமாகக் குடித்த வெண்டை. ஜலஜாவின் மேலதிகாரி சித்தார்த்தன் எடைகளைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், அதுவும் இப்படியே வந்தால் திட்டத்தை மூடிவிடலாம் என்றார். திட்டத்தை மூடினால் ஜலஜாவுக்கு வேலை இல்லை. அதைச் சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். கோபமாக ஆரம்பித்தவர், மகளின் படிப்பைச் சொல்லும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் வெண்டை போட்டார். அதிசயமாக, ஒருவரும் கிட்டே போகவில்லை. ஆண்டனி அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. கத்திரி வெயில் வந்தது. மூடாக்கு போட்ட வரிசை தெம்பாக நின்று பிஞ்சு விட்டது. வெறும் வரிசை இலைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்க மேலே போனேன். ஜலஜா வெறும் வரிசைக்கு முன்னால் ஒரு சொம்போடு நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின்னாலேயே துணி எடுக்க வந்த சுந்தரவல்லி என்னை ஒதுக்கிவிட்டு அவரிடம் போனார்.

"அக்கா, காலையிலயே ஊத்தியாச்சுல்லா?"

"மண்ணுல ஈரம் இருக்கான்னு பார்க்க வந்தேன்."

"ஈரம் பாக்கதுக்குச் சொம்பு எதுக்கு?"

"முடியல வல்லி. இத்தனை வருஷத்துல எத்தனையோ பயிர் வாடிப் பார்த்திருக்கேன். அதெல்லாம் எங்கேயோ இருந்தது. இது தினமும் கண்ணு முன்னாடி நிக்குது" என்றார் ஜலஜா.

"நிக்கட்டும்." சுந்தரவல்லி சொம்பைப் பிடுங்கினார். "அது பாவந்தான், எனக்குத் தெரியாதா? அதுக்குப் பாவம் பாத்தா ஒங்க பொழப்பு போயிரும்லா. ஒங்களுக்கு ஆரு பாவம் பாக்கது?"

இருபது வருஷமாகப் பயிருக்கு இரக்கப்பட்டு இவர் வேலையைக் கெடுத்தவர்களைத்தான் ஜலஜா பார்த்திருக்கிறார். இப்படி ஒருவர் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சுந்தரவல்லி சொம்பை எட்டிப் பார்த்தார். நல்ல தண்ணீர்தான்.

"நாக்கு வறண்டு போயி நிக்கீய. இந்தாங்க, நீங்க குடிங்க."

ஜலஜா சொம்பை வாங்கி, அழுதுகொண்டே குடித்தார்.